அக்காவுக்கு எடுத்த சேலை

தம்பி,

போன வாரம் நீ போன் செய்து, மண்டபத்துச் சாப்பாடு, மேளக்காரர், கார் என்று எல்லாவற்றையும் பேசி முடித்துவிட்டு, வைக்கப்போகிற நேரத்தில், "பா, இன்னொன்னு. ஷாமினி வீட்ல கேக்குறாங்க, நாத்தனார் முடிச்சு யாரு போடுறதுன்னு" என்றாய். "அதெல்லாம் பாத்துக்கலாம்லா" என்று சொல்லி நான் வைத்துவிட்டேன். நீயும் மறுபடி கேட்கவில்லை. கேட்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும். எந்தக் கேள்வியை இரண்டாம் தரம் கேட்கக்கூடாது என்பது இந்த வீட்டில் வளர்ந்த பிள்ளைக்குச் சொல்லித்தராமலே தெரியும்.

கேட்டது ஷாமினி வீட்டார் தப்பில்லை. தாலி கட்டும்போது முதல் முடிச்சை மாப்பிள்ளை போட, மற்ற இரண்டையும் பெண்ணுக்குப் பின்னால் நிற்கும் மாப்பிள்ளையின் அக்காவோ தங்கையோ போடுவது நம் வழக்கம். உனக்கு ஒரே அக்கா. அவள் ஏறிய விமானம் கோலாலம்பூரிலிருந்து கிளம்பியது. இன்னும் எங்கேயும் இறங்கவில்லை. ஷாமினியின் அம்மா நல்ல மனசோடு, "அத்தை பொண்ணு இருக்காங்களே, அவங்க போடட்டுமே" என்றாராம். அத்தை பெண் உனக்குக் கட்டிக்கொள்கிற முறை. அவள் கையில் நாத்தனார் முடிச்சைக் கொடுத்தால் உன் அத்தை ரவாங்கிலிருந்து கொமுட்டர் ரயில் பிடித்து வந்து மணவறையிலேயே சண்டை போடுவாள். அந்த அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லிவிடு. படித்த குடும்பம், முறை தெரியவில்லை, அவ்வளவுதான்.

போனிலேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ "ஓகே பா, ஓகே பா" என்பாய். நான் பாதியில் தொண்டையைச் செருமிவிட்டுக் காரைப் பற்றிக் கேட்பேன். அதனால்தான் எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதியதோடு சரி, அதன் பிறகு காப்பார் மின்நிலையத்தில் வேலை பார்த்த காலம் முழுக்க மலாயிலும் ஆங்கிலத்திலும் ரிப்போர்ட் எழுதியே என் தமிழ் துருப்பிடித்துவிட்டது. பிழை இருந்தால் சிரித்துக்கொள்.

அந்த முதல் நாட்கள் உனக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கிறதோ தெரியாது. நீ பல்கலைக்கழகத்துக்குப் போக ஆறாம் படிவம் படித்துக்கொண்டிருந்தாய். விமானக் கம்பெனிக்காரர்கள் எங்களைக் கூட்டிக்கொண்டுபோய் ஹோட்டலில் வைத்தார்கள். பெரிய மண்டபம், வரிசையாக நாற்காலி, ஓரத்தில் எந்நேரமும் சூடாக இருக்கும் சாப்பாடு. யார் யாரோ மேடைக்கு வந்து பேசினார்கள். நான் நாற்காலிகளுக்குப் போட்டிருந்த வெள்ளைத் துணியின் முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா அழுதாள். பக்கத்தில் ஒரு சீனக் கிழவர் தரையில் உட்கார்ந்து அழுதார். எனக்கு வரவில்லை. அன்றிலிருந்து இன்றுவரை எனக்குள் ஏதோ மரத்துப்போய்த்தான் கிடக்கிறது. பல் பிடுங்கப் போனால் ஊசி போட்டதும் கன்னம் இருக்கிறதா இல்லையா என்று தெரியாதல்லவா, அந்த மாதிரி. என்னைக் கல்நெஞ்சுக்காரன் என்று நீ நினைத்திருக்கலாம். நானே நினைத்திருக்கிறேன்.

பிறகு ஒருநாள் டிவியில், அந்த விமானத்தின் பயணம் தெற்கே நடுக்கடலில் முடிந்துவிட்டது என்று சொன்னார்கள். நாடு முழுக்க அழுதது. கொடியைப் பாதியில் பறக்கவிட வேண்டும் என்றார்கள். கோயிலிலும் பள்ளிவாசலிலும் சர்ச்சிலும் வேண்டிக்கொண்டார்கள். அடுத்த நாள் காலையே அத்தை வந்து இறங்கினாள். அம்மா அப்போதுதான் வாசல் தெளித்துக் கோலமாவை எடுத்துக்கொண்டு குனிந்திருந்தாள். அத்தை கேட்டிலிருந்தே சத்தம் போட்டாள்.

"என்ன காரியம் பண்ற? சாவு வுழுந்த வீட்ல கோலம் போடுவாங்களா? மொதல்ல உள்ள போ. ஒரு ஐயரப் பாத்து, தர்ப்பைல உருவம் செஞ்சு எரிச்சு, காரியத்த முடிங்க. பிள்ளை எத்தனை நாளைக்கு அலையும்?"

அம்மா கையிலிருந்த மாவுக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். எனக்கு வந்ததே கோபம்! ஒரு எலும்புத் துண்டு இல்லை, ஒரு துணி இல்லை, எந்த நாள் எந்தத் திதி என்று சொல்ல ஆள் இல்லை. டிவிக்காரன் சொன்னதை வைத்து என் பிள்ளையைப் புல்லாகச் செய்து எரிக்கச் சொல்கிறாள் என் கூடப்பிறந்தவள். நான் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு அந்தக் கிண்ணத்தை எடுத்தேன். வாழ்க்கையில் முதல்முறையாகக் கோலம் போட்டேன். கோலம் இல்லாத வாசலைப் பார்த்தால் போகிறவன் வருகிறவனுக்கு விஷயம் தெரிந்துபோகும். என் வாசலைப் பார்த்து எவனுக்கும் எதுவும் தெரியக்கூடாது என்று போட்டேன். கோடு ஒன்றுக்கொன்று சேரவில்லை. அக்கா பார்த்திருந்தால், "என்ன பா, இது கோலமா வயரிங் டயகிராமா?" என்றுதான் கேட்டிருப்பாள்.

அன்றிலிருந்து தினமும் நான்தான் போட்டேன். ஓய்வுபெற்ற மனுசனுக்கு ஒரு பொழுதுபோக்கு என்று தாமானில் குடியிருக்கிறவர்கள் பேசிக்கொண்டார்கள். பக்கத்து வீட்டு மலாய்ப் பெரியவர் பாக் சிக் என் கோலத்தைத் தாண்டித் தாண்டியே நடக்கப் பழகிக்கொண்டார். அரிசிக்குச் சாயம் போடவும் கற்றுக்கொண்டேன். உனக்குத் தெரியும், தீபாவளி வந்தால் அக்காவும் அவள் கூட்டாளிகளும் பேரங்காடியில் போய் உட்கார்ந்து, கலர் அரிசியால் ஒரு கூடம் அளவுக்குக் கோலம் போட்டுவிட்டு, முட்டியெல்லாம் நீலமும் சிவப்புமாக வருவார்கள். அவளுடைய மிச்சச் சாயப் பொட்டலங்கள் ஸ்டோரில் இருந்தன. அதை எடுத்துத்தான் ஆரம்பித்தேன். ஒவ்வொரு வருசமும் மார்ச் மாதம் அந்த நாள் வரும்போது முன்கூடத்தில் சாமான்களை ஒதுக்கிவிட்டு ஒரு பெரிய தாமரை போடுவேன். அவளுக்குப் பிடித்த வாழைக்குருத்துப் பச்சை மட்டும் எனக்கு ஒருமுறைகூடச் சரியாக அமைந்ததில்லை. ஒன்று பாசியாகிவிடும், இல்லை மஞ்சளாகிவிடும். போட்டுக்கொண்டிருக்கும்போது நான் எதையும் நினைப்பதில்லை. பிரார்த்தனையும் இல்லை, ஒன்றும் இல்லை. அரிசி விரல் வழியாக இறங்குகிறதா என்று மட்டும் பார்ப்பேன். அது போதுமாக இருந்தது.

ஒரு வருசம் நினைவுக்கூட்டத்துக்காக என்னைப் பேரங்காடியிலேயே வந்து போடச் சொன்னார்கள். நீயும் வந்து அரிசி மூட்டை தூக்கினாய். விமானம் மாதிரிப் போடுங்கள் அங்கிள் என்று ஒரு பெண் கேட்டாள். எனக்குக் கை வராது என்று சொல்லித் தாமரையே போட்டேன். மெழுகுவர்த்தி ஏற்றினார்கள், பாடினார்கள், சுவரில் ஜனங்கள் எழுதிவைத்தார்கள். முன்பின் தெரியாத பிள்ளைகள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். நல்ல பிள்ளைகள். எல்லாம் முடிந்து நீ கார் எடுக்கப் போயிருந்தாய். ஒரு வங்காளதேசத்துத் துப்புரவுப் பையன் பெரிய வேக்குவம் மெசினைத் தள்ளிக்கொண்டு வந்து, தாமரைக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, "அங்கிள், போலே புவாங்?" என்றான். கொட்டிவிடலாமா என்று கேட்கிறான். அவன் வேலை அது. நான் வாயைத் திறந்தேன், தலையாட்டக்கூட முடியவில்லை. அவனும் மெசினைப் போடாமல் நின்றான். கடைசியில் அவனே எங்கிருந்தோ ஒரு பிளாஸ்டிக் பையும் துடைப்பமும் கொண்டுவந்து, கலர் கலராகப் பிரித்துக்கூட்டி என்னிடம் கொடுத்தான். காரில் வரும்போது பையில் என்ன என்று நீ கேட்டாய். மிச்ச அரிசி என்றேன்.

இதற்கிடையில் உன்னைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். ஷாமினி போன மாதம் வந்திருந்தபோது சிரித்துக்கொண்டே சொன்னாள்: "அங்கிள், நான் பினாங்குக்குப் போனப்ப இவரு ஆப்ஸ்ல என் ப்ளேனோட புள்ளியவே பாத்துக்கிட்டு இருந்தாராம். நான் லேண்ட் ஆகுறதுக்குள்ள பத்து மெசேஜ். அப்புறம் பாலிக்குப் போலாம்னா, கேமரன் மலைக்கு கார்ல போலாம்கிறாரு." அவள் சிரித்தாள், நான் சிரிக்கவில்லை. நீ அந்த ஆப்பை எப்போது போட்டாய் என்று எனக்குத் தெரியும். அப்போது உனக்கு மீசைகூட ஒழுங்காக முளைக்கவில்லை. வானத்தில் போகிற யாரோ ஒருவருடைய விமானம் பத்திரமாக இறங்குகிறதா என்று கட்டிலில் படுத்தபடி பார்த்துக்கொண்டிருப்பாய். நான் கதவருகில் நின்று பார்த்துவிட்டுப் போய்விடுவேன். உள்ளே வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம், எனக்குத் தோன்றவில்லை. ஷாமினியைப் பாலிக்குக் கூட்டிக்கொண்டு போ. உனக்குப் பயமாக இருக்கிறது என்பதை அவளிடம் வாய்விட்டுச் சொல்லிவிட்டு ஏறு. அவள் கெட்டிக்காரி, கையைப் பிடித்துக்கொள்வாள். இந்த வீட்டில் நானும் அம்மாவும் ஒரே பிள்ளைக்காகத்தான் காத்திருந்தோம்; ஆனால் அவள் ஒரு அறையில், நான் ஒரு அறையில். அப்படி நீங்கள் இருக்கக்கூடாது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீ போன் செய்வதற்குச் சில நாள் முன்பே அத்தை பேசினாள். "வீட்ல ஒரு கன்னி இருக்கா. அவளக் கும்புடாம கல்யாணத்த வெக்காத. பின்னாடி வர்ற பிள்ளைக்கு ஒன்னுகெடக்க ஒன்னு ஆச்சுன்னா என்னையக் கேக்காத" என்றாள். கல்யாணமாகாமல் போய்விட்ட பெண்ணை வீட்டுத் தெய்வமாக நினைத்து, நல்ல காரியத்துக்கு முன் புதுச்சேலை, வளையல், பூ வைத்துப் படைப்பது நம் பக்கத்து வழக்கம். நான் பாதியிலேயே போனை வைத்துவிட்டேன். அடுத்து நீ முடிச்சைப் பற்றிக் கேட்கிறாய். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்தக் கல்யாணத்தில் அவளுக்கு ஒரு இடம் கொடுத்தே ஆகவேண்டும். நாத்தனார் என்று இடம் விட்டுவைத்தால் அவள் எங்கேயோ இருக்கிறாள். கன்னி என்று கும்பிட்டால் இல்லை. இத்தனை வருசமாக நாங்கள் இரண்டுக்கும் நடுவில் ஒளிந்துகொண்டிருந்தோம். உன் கல்யாணம் வந்து கதவைத் தட்டிவிட்டது.

சனிக்கிழமை அம்மாவும் நானும் சேலை எடுக்கப் பிரிக்பீல்ட்ஸ் போனோம். பார்க்கிங் கிடைக்காமல் சுற்றிச் சுற்றி எனக்குத் தலைவலியே வந்துவிட்டது. கூறைச்சேலை எடுத்தாயிற்று, சம்பந்தியம்மாவுக்கு எடுத்தாயிற்று. பிறகு அம்மா, ஒன்றுமே நடக்காத மாதிரி, "மாப்பிள்ளையோட அக்காவுக்கு ஒன்னு காட்டுங்க" என்றாள். கடைப்பெண் சுறுசுறுப்பானவள்.

"அக்கா எப்படி இருப்பாங்க ஆன்டி? கலரா? ஒல்லியா? வயசு என்ன? சின்னப் பொண்ணா இருந்தா இந்த மாம்பழ மஞ்சள் சூப்பரா இருக்கும். கல்யாணமாகிப் பிள்ளைங்க இருந்தா இந்த மெரூன் நல்லாருக்கும். கட்டுறவங்க கேரக்டரும் இருக்குல்ல, அதுக்குத் தகுந்த மாதிரி."

நான் உடனே, "பாஸ் இருக்காரா? டிஸ்கவுண்ட் எவ்வளோ குடுப்பீங்க?" என்று குறுக்கே புகுந்தேன். எனக்குத் தெரிந்த ஒரே வித்தை அதுதான். அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. மாம்பழ மஞ்சளைத் தொட்டுப் பார்த்தாள், மடியில் விரித்துப் பார்த்தாள், "இதையே போடுங்க" என்றாள்.

பெடரல் நெடுஞ்சாலையில் பெட்டாலிங் ஜெயா பக்கம் வழக்கமான நெரிசல். வண்டி நகரவே இல்லை. மழை வரும்போல இருந்தது. அம்மா சேலைப் பையை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் நின்ற லோரியைப் பார்த்தபடி பேசினாள்.

"என்னங்க, நான் அவ இருக்கானு நெனச்சிக்கிட்டுதான் கடைக்குள்ள போனேன்."

நான் ஏசியைக் குறைத்து வைத்தேன்.

"ஆனா போனப்ப இருந்த வயசுக்குல்ல எடுத்திருக்கேன். அந்தப் பொண்ணு அந்த மெரூனக் காட்டுது, எனக்கு அது யாருக்கோன்னு இருக்கு. இருக்கற பிள்ளைன்னா அவளுக்கும் வயசு ஏறியிருக்கும். முடி ரெண்டு நரச்சிருக்கும். ஒரு நாள்கூட அவள அப்படி நான் நெனச்சுப் பாத்ததில்லீங்க."

லோரி நகர்ந்தது. பின்னால் ஹார்ன் அடித்தார்கள். நான் கியரை மாற்றினேன்.

"படச்சிருவோங்க" என்றாள்.

"சரி" என்றேன். அவ்வளவுதான் பேசினோம். கிள்ளானில் வீடு வந்ததும் சேலைப் பையை அவளே தூக்கிக்கொண்டு இறங்கினாள்.

வெள்ளிக்கிழமை காலையில் படைத்தோம். உன்னைக் கூப்பிடவில்லை. அம்மா கூப்பிடச் சொன்னாள். நான்தான் வேண்டாம் என்றேன். கல்யாணத்தை வைத்துக்கொண்டு நீ அதைப் பார்க்கவேண்டாம் என்று பட்டது. அது சரியா தப்பா என்று எனக்குத் தெரியவில்லை. கோபம் வந்தால் கோபப்படு, நேரில் வந்து திட்டு, கேட்டுக்கொள்கிறேன். நான் முன்கூடத்தில் தாமரை போட்டேன். அதன் நடுவில் பலகை வைத்து, மஞ்சள் சேலை, கண்ணாடி வளையல், சீப்பு, பவுடர், மல்லிகை. சர்க்கரைப் பொங்கலோடு, அவளுக்குப் பிடித்த கடையிலிருந்து தேங்காய்ப்பால் சோறு, நாசி லெமாக் ஒரு பொட்டலம். அத்தை, "நெத்திலி இருக்கே, சாமிக்கு ஆகுமா?" என்று இழுத்தாள். "அவ சாப்புடுவா, வெய்யி" என்றாள் அம்மா. அத்தை வைத்தாள். படத்துக்கு மாலையை அம்மாதான் போட்டாள். இத்தனை வருசமாக மாலைக்கு ஆணி அடிக்கவிடாதவள்.

அத்தை சூடம் ஏற்றி, "மாலினி, வாத்தா, வந்து எடுத்துக்கத்தா, தம்பிக்குக் கல்யாணம்" என்று கூப்பிட்டாள். நான் அவளை எவ்வளவோ ஏசியிருக்கிறேன், தம்பி. ஆனால் அந்தக் குரலில் கூப்பிட அவளால்தான் முடிந்தது. பிறகு அம்மா கூப்பிட்டாள். பிறகு இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் பெயரைச் சொன்னேன். சத்தமாகத்தான் சொன்னேன். ஒன்றும் நடக்கவில்லை. பூ விழவில்லை, பல்லி சொல்லவில்லை. பல்லி சொன்னது என்று அத்தை சாதிக்கிறாள், எனக்குக் கேட்கவில்லை. எனக்கு அழுகை வந்ததா என்று கேட்காதே. வரவில்லை. வரும் என்று எதிர்பார்த்துக்கொண்டே நாசி லெமாக்கைப் பிரித்து மூன்று பேரும் சாப்பிட்டோம்.

மறுநாள் காலை வாசலில் நான் கோலம் போடவில்லை. தண்ணீர் தெளித்ததோடு விட்டுவிட்டேன். பாக் சிக் நடந்து வந்து, பழக்கத்தில் தாண்டக் காலைத் தூக்கிவிட்டு, கீழே ஒன்றும் இல்லை என்று பார்த்து என்னைப் பார்த்தார். மகள் போய்விட்டாள் என்று மலாயில் சொன்னேன். அந்த வாக்கியத்தை முதன்முதலாக நான் சொன்னது அந்த மனிதரிடம்தான். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து என் பக்கத்தில் படியில் உட்கார்ந்தார். வெயில் ஏறும்வரை உட்கார்ந்திருந்தோம். ஒருநாள் அப்படி விட்டோம். அதற்குமேல் வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டாள், கல்யாண வீடு.

இப்போது உன் கேள்விக்குப் பதில். முடிச்சைக் காப்பார் சின்னம்மா மகள் ரேவதி போடுவாள். முறைக்கு அவள் உனக்குத் தங்கச்சி. படைத்த சேலையை வீட்டுப் பெண் ஒருத்தி கட்டிக்கொள்ள வேண்டும். அதனால் அக்காவுக்கு எடுத்த அந்த மஞ்சள் சேலையைத்தான் அவள் கட்டிக்கொண்டு வருவாள். உடம்புவாகும் ஏறக்குறைய அக்கா மாதிரி. நீ தாலியைக் கட்டிவிட்டு நிமிரும்போது அந்த மஞ்சள் உன் கண்ணில் படும். திடுக்கிட்டுவிடாதே. அதற்காகத்தான் முன்கூட்டியே எழுதுகிறேன். ஷாமினியிடமும் இன்றைக்கே சொல்லிவை. அவள் கழுத்தில் விழுகிற முடிச்சு யாருடையது என்று அவளுக்கும் தெரியவேண்டும்.

என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிட்டு முடிக்கிறேன். இத்தனை வருசமாக யார் வீட்டு விசேசத்துக்குப் போனாலும், எந்த மண்டபமானாலும், நான் வாசலைப் பார்த்த நாற்காலியாகத் தேடி உட்காருவேன். காற்று வருகிறது என்று உன்னிடம் சொல்லியிருக்கிறேன். காற்றுக்காக இல்லை. யாராவது தாமதமாக உள்ளே நுழைந்தால் பாதி எழுந்துவிடுவேன். உன் கல்யாணத்தன்று நான் வாசலுக்கு முதுகைக் காட்டி நிற்கப்போகிறேன், தம்பி. உன் முகத்தை மட்டும் பார்க்கப்போகிறேன். பின்னால் யார் வந்தாலும் திரும்ப மாட்டேன்.

அப்பா